மருமகனுக்கு 12 சதவீதம்: ஏற்காட்டில் நடந்த ஒரு கூடைப்பந்து மதிப்பீட்டு முகாமும் அதன் அறிக்கையும்

என் அக்கா மகன் சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வணிகவியல் படிக்கிறான். பதினோராம் வகுப்பு தொடங்கி இன்றுவரை எந்த அணியில் ஆடினாலும் அந்த அணியில் உயரமானவன் அவன்தான் என்பதால், வளையத்துக்கு அருகிலேயே நின்று ஆடும் போஸ்ட் இடத்தைத் தவிர வேறு இடத்தில் ஆடிப் பார்க்கும் வாய்ப்பே அவனுக்கு வந்ததில்லை. கடந்த நவம்பரில், கல்லூரி வீரர்களை அளந்து, ஆடவைத்து, படம் பிடித்து, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவர்களுக்கு உள்ள வாய்ப்பைக் கணித்து அறிக்கையாகத் தருவதாகச் சொல்லும் ஒரு தனியார் சேவை, ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் நடத்தியது. தங்குமிடம், சாப்பாடு, அறிக்கை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 14,500 ரூபாய். பணம் கட்டியது நான். எனவே மதிப்பிட்டவர்களை மதிப்பிடும் உரிமையும் எனக்கு உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வாசகங்களோடு, இதே படங்களோடு வேறு சிலரும் இப்போது விளம்பரம் செய்கிறார்கள்; பெயர் மாறினாலும் விற்கும் பொருள் ஒன்றுதான். அந்தப் பொருளில் எது காசு கொடுத்து வாங்கத் தக்கது, எது தகாதது என்பதைப் பிரித்துச் சொல்வதே என் நோக்கம். நானும் தொண்ணூறுகளில் மாவட்ட அணிக்கு ஆடியவன். இடது முழங்கால் விடைகொடுத்த பிறகு பார்வையாளன்.

சனிக்கிழமை காலை அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் சேர்ந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் ஏறி முடித்தபோது, கால் மடக்க இடமில்லாமல் நடைபாதையில் நீட்டியபடி வந்த பையன் இறங்கியதும் பத்து நிமிடம் நொண்டினான். ஒரு பள்ளியின் சிமென்ட் ஆடுகளத்தில் முகாம். மொத்தம் 24 பையன்கள். சேலம், நாமக்கல், தருமபுரி, ஈரோடு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். ஏற்பாடுகளில் குறை சொல்ல அதிகம் இல்லை: அறைகள் சுத்தமாக இருந்தன, சாப்பாடு வயிறு நிறையக் கிடைத்தது, நேரம் தவறாமல் தொடங்கினார்கள். ஏற்காட்டில் நவம்பர் மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கி சிமென்ட் தரை வழுக்கத் தொடங்கும் என்பது உள்ளூரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்காமல் பக்கவாட்டு வேகச் சோதனையை மாலை நான்கு மணிக்கு வைத்தார்கள். இரண்டு பையன்கள் விழுந்தார்கள், ஒருவனுக்கு முழங்கை சிராய்த்தது, அதன் பிறகே மீதிப் பேருக்கு மறுநாள் காலைக்கு மாற்றினார்கள். காலையில் ஓடியவர்களின் நேரமும் மாலையில் வழுக்கிக்கொண்டே ஓடியவர்களின் நேரமும் அறிக்கையில் ஒரே பட்டியலில்தான் வந்திருக்கின்றன.

சேவையின் சிறந்த பகுதி அளவீடு. இதைத் தயக்கமின்றிச் சொல்வேன். நம் ஊரில் கூடைப்பந்து வீரனின் உயரம் என்பது அவன் வாயால் சொல்வது. காலணியோடு சேர்த்து, தலைமுடியையும் சேர்த்து, போட்டி நிரலில் இன்னும் ஓர் அங்குலம் கூட்டி எழுதப்படுவது. எங்கள் பையன் மூன்று ஆண்டுகளாக ஆறடி ஐந்து அங்குலம் என்றே சொல்லிவந்தான். இங்கே காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லி, சுவரோடு நிறுத்தி, இரண்டு முறை அளந்து 193 சென்டிமீட்டர் என்று எழுதினார்கள், ஆறடி நான்குதான். அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் அடுத்த இரண்டு அளவுகள் அந்த வாட்டத்தை ஈடுசெய்தன: இரு கைகளையும் விரித்து நின்றால் 201 சென்டிமீட்டர், நின்ற நிலையில் ஒரு கையை மேலே உயர்த்தினால் 254 சென்டிமீட்டர். வளையம் தரையிலிருந்து 305 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடிவந்து எம்பும்போது அவன் 76 சென்டிமீட்டர் மேலே போகிறான். கூட்டிப் பார்த்தால் வளையத்துக்கு மேல் ஒரு சாண் மிச்சம். மேலிருந்து பந்தை அழுத்தித் திணிக்க அது போதும், அதை அவன் செய்தும் காட்டினான்.

சிகாகோவில் ஆண்டுதோறும் டிராஃப்டுக்கு முன்பாக நடக்கும் கம்பைன் என்னும் சோதனை முகாமில் எடுப்பதும் ஏறத்தாழ இவையேதான்: காலணியில்லா உயரம், எடை, கை விரிவு, நின்று எட்டும் உயரம், உள்ளங்கையின் நீள அகலம், நின்றபடியும் ஓடிவந்தும் எம்பும் உயரம், முக்கால் ஆடுகள ஓட்டம், பக்கவாட்டு வேகம். உயரத்தைவிடக் கை விரிவும் எட்டும் உயரமும் ஏன் முக்கியம் என்பதைப் பையன்களுக்குப் பொறுமையாக விளக்கினார்கள். பந்தைத் தடுப்பதும் கூடையில் விழாமல் திரும்பும் ரீபவுண்டைப் பறிப்பதும் உச்சந்தலை அல்ல, விரல் நுனி. சேலத்திலோ சுற்றுவட்டாரத்திலோ இப்படி முறையாக அளந்து தேதியிட்ட தாளில் எழுதிக் கொடுக்கும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரே ஒரு குறை. தாங்குதிறனைச் சோதிக்கும் தொடர் ஓட்டத்தை வந்திறங்கிய அன்று காலையிலேயே வைத்தார்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ 1,500 மீட்டருக்குப் பக்கம். மேலே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதவனை அங்கே ஓடவிட்டால் மூச்சு சற்று முன்னதாகவே வாங்கும். அந்த உயரத்தைப் பற்றி அறிக்கையில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. எங்கள் பையனின் தாங்குதிறன் சராசரிக்குக் கீழ் என்று மட்டும் இருக்கிறது.

பத்து நாட்களில் வரும் என்று சொன்ன அறிக்கை முப்பத்தொன்றாம் நாள் வந்தது. 22 பக்கம், வழவழப்பான வடிவமைப்பு. ஏழாம் பக்கத்தில் அவன் பெயருக்குப் பதிலாக வேறொரு பையனின் பெயர் இருந்தது. அதே பக்கத்தில், வலக்கைக்காரனான அவனை இடக்கைக்காரன் என்று குறிப்பிட்டு, வலக்கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவுரையும் சொல்லியிருந்தார்கள். தொலைபேசியில் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு இரண்டே நாளில் திருத்திய பிரதி அனுப்பினார்கள். அந்த மரியாதையைப் பாராட்ட வேண்டும். பெயர் மாறியது, கை மாறியது, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த எண் மட்டும் மாறவில்லை: டிராஃப்டில் தேர்வாகும் வாய்ப்பு, 12 சதவீதம். ஒருவன் எந்தக் கையால் ஆடுகிறான் என்பதே மாறிய பிறகும் அசையாமல் நின்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் தொடங்கியது.

அக்கா வீட்டில் அந்த எண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை. பன்னிரண்டு என்பது நம்பும்படியான எண். ஐம்பது என்று போட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், ஒன்று என்று போட்டிருந்தால் அழுதிருப்பார்கள். எட்டுப் பேரில் ஒருவன் என்று கேட்கும்போது, அந்த ஒருவன் ஏன் நம் பிள்ளையாக இருக்கக்கூடாது என்று தாய்க்குத் தோன்றத்தான் செய்யும். நான் செய்ததெல்லாம், முகாமின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த பெற்றோரிடம் அவரவர் பிள்ளையின் எண்ணைக் கேட்டதுதான். ஏழு பேர் சொன்னார்கள்: 9, 12, 15, 8, 12, 14, 11. கூட்டினால் 81. அதாவது இந்த ஏழு பேரிலிருந்தே ஏறக்குறைய ஒருவன் என்.பி.ஏ. அணிக்குத் தேர்வாக வேண்டும். இதே சராசரியில் 24 பேருக்கும் கணக்குப் போட்டால் மூன்று பேரை நெருங்குகிறது.

நாடு விடுதலை பெற்ற அதே 1947-இல் தொடங்கியது அந்த டிராஃப்ட். அன்று முதல் இன்றுவரை இந்தியாவிலிருந்து சென்று அதில் பெயர் அழைக்கப்பட்டவர் ஒரே ஒருவர்: பஞ்சாபின் சத்னாம் சிங் பமாரா, 2015-இல், டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்காக, 52-ஆவது இடத்தில். ஏழடி இரண்டு அங்குல உயரம் கொண்ட அவர், 2010-லேயே ஃபுளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போய் ஐந்தாண்டுகள் அங்கேயே பயின்றவர். அப்படித் தேர்வான பிறகும் என்.பி.ஏ.வின் வழக்கமான பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. இரண்டாம் நிலை லீகில் ஆடும் மேவரிக்ஸின் துணை அணியான டெக்சஸ் லெஜெண்ட்ஸில்தான் ஆடினார். இந்தியா முழுவதற்கும் இத்தனை ஆண்டுகளில் ஒருவர் என்றால், ஏற்காட்டில் ஒரு வாரக்கடைசியில் கூடியவர்களிடமிருந்து மூன்று பேர் என்று சொல்லும் கணக்கைக் கணக்கென்று எப்படி ஏற்பது?

டிராஃப்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். 30 அணிகள், இரண்டு சுற்று, ஆக 60 இடங்கள். விதிமீறலுக்குத் தண்டனையாகச் சில அணிகள் இடமிழந்ததால் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 58 இடங்களே இருந்தன. இந்த இடங்களுக்குப் போட்டியிடுபவர்கள் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் மட்டும் அல்லர். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பதினாறு, பதினேழு வயதிலேயே தொழில்முறை அணிகளில் சேர்ந்து வளர்ந்தவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். 2023-இல் முதலிடத்தில் தேர்வான விக்டர் வெம்பன்யாமா பிரான்சில் அப்படி வளர்ந்தவர். அறிக்கையின் நான்காம் பக்கம், மனம் தளரக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, 2014-இல் 41-ஆவது இடத்தில் தேர்வான நிகோலா யோகிச் பிறகு லீகின் மிகச் சிறந்த வீரராக வளர்ந்ததை எடுத்துக்காட்டுகிறது. செய்தி உண்மைதான். ஆனால் தேர்வானபோதே அவர் செர்பியாவில் தொழில்முறை அணியில் ஆடிக்கொண்டிருந்த, ஏழடிக்குச் சற்றே குறைந்த இளைஞர் என்பதையும் அதே பத்தியில் எழுதியிருக்க வேண்டாமா?

இனி, என்னைப் பொறுத்தவரை இந்த அறிக்கையின் பெரும் பிழைக்கு வருகிறேன். அது எண்ணைவிட மோசமானது, ஏனென்றால் எண்ணை மறந்துவிடலாம், இதை நம்பி ஒரு பையன் இரண்டு ஆண்டுகளை வீணாக்கிவிடுவான். ஒன்பதாம் பக்கத்தில் அவன் ஆடவேண்டிய இடம் வளையத்தருகே ஆடும் பவர் ஃபார்வர்டு என்றும், அவனோடு ஒப்பிடத்தக்க வீரர் டிரேமண்ட் கிரீன் என்றும் போட்டிருக்கிறார்கள். கிரீன் 2012-இல் 35-ஆவது இடத்தில் தேர்வானவர், அந்த இடத்துக்குக் குட்டையானவர் என்று கருதப்பட்டவர், பின்னர் சாம்பியன் அணியின் தூணானவர். குட்டையான போஸ்ட் வீரன் என்றதும் அவர் பெயர் நினைவுக்கு வருவது இயல்பே. அவர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடி, பந்தைக் கையாள்வதிலும் பகிர்வதிலும் பெயரெடுத்து, அதன் பிறகே டிராஃப்டுக்கு வந்தார். எங்கள் பையனோ வளையத்துக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கி, இரண்டு முறை தட்டி, திரும்பிப் போடுவதைத் தவிர வேறெதுவும் கற்றவன் அல்லன். சேலத்தில் ஆறடி நான்கு அங்குலம் என்றால் போஸ்ட். அங்கே அதே உயரத்துக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு ஆடுகளத்தின் நீளத்தையும் கடந்து வரும் கார்டு. அந்த ஒரு வாக்கியத்தை எழுத 22 பக்கம் தேவையில்லை.

அதைச் சொல்ல முகாமில் ஒருவர் இருந்தார் என்பதுதான் வேடிக்கை. சோதனைகளை நடத்தியவர், முன்னாள் மாநில அணி வீரர், ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பையனைத் தனியாக அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். நானும் கூட இருந்தேன். "தம்பி, உனக்குக் கை நீளம், எம்புற, அதெல்லாம் சரிதான். இடது கையில பந்தைத் தட்டிக்கிட்டு ஒருத்தன் மறிக்கிறப்ப அந்தக் கோடு வரைக்கும் போவியா?" என்று கேட்டார். பையன் எழுந்து முயன்றான். அவரே மறித்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஆறு முறையில் ஐந்து முறை பந்தைப் பறித்துக்கொண்டார். "பாத்தியா? நீ மூணு வருசமா உயரத்த வச்சி ஆடிட்ட. இனிமே கைய வச்சி ஆடு. ரெண்டு வருசம் கார்டா ஆடிப் பாரு, அப்பறம் மத்தத யோசிக்கலாம்" என்றார். பிறகு இடக்கையால் மட்டும் தட்டும் நான்கு பயிற்சிகளையும், வளையத்தருகே ஓடிவந்து இடக்காலை ஊன்றி எழுந்து பந்தைப் போடும் லே-அப்பை அதற்கு நேர்மாறாக வலக்காலை ஊன்றிச் செய்வதையும் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். நான் கொடுத்த பணத்துக்கு உண்மையான பெறுமதி அந்த முக்கால் மணி நேரம். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அறிக்கையில் ஏறவில்லை. கேட்டபோது, அறிக்கையை வேறொரு ஊரிலுள்ள குழு தயாரிக்கிறது, அவர்களுக்குப் போவது எண்களும் காணொளியும்தான் என்றார்கள்.

காணொளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு நிமிடத் தொகுப்பு. நல்ல தரத்தில் எடுத்திருக்கிறார்கள், பின்னணி இசையைக் குறைத்திருக்கலாம். அதில் பையன் போட்ட பந்தெல்லாம் விழுகிறது, எட்டிய ரீபவுண்டெல்லாம் கையில் நிற்கிறது. இப்படிப்பட்ட தொகுப்பைக் கல்யாண வீட்டில் காட்டலாம். வீரரைத் தேடுபவர் கேட்பது முழு ஆட்டத்தின் பதிவு; விழாத பந்துக்குப் பிறகு அவன் திரும்பி ஓடினானா நின்று பார்த்தானா, பந்து கையில் இல்லாத நேரத்தில் எங்கே நிற்கிறான், மாற்று வீரனாக வெளியே உட்கார வைத்தால் எப்படி உட்கார்கிறான் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஞாயிறு காலை நடந்த பயிற்சி ஆட்டத்தின் முழுப் பதிவையும் கேட்டு வாங்கினேன். தடையேதும் சொல்லாமல் தந்தார்கள். நீங்கள் போனால் நீங்களும் கேளுங்கள், தாமாகத் தரமாட்டார்கள். தூரத்திலிருந்து அவன் போட்ட மூன்று புள்ளி முயற்சிகளையும் அந்தப் பதிவில்தான் நிதானமாகப் பார்த்தேன். நம் ஆடுகளத்தில் அந்தக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர், என்.பி.ஏ.வில் நடுப்பகுதியில் 7.24 மீட்டர். 6.75-இலேயே அவனுக்குப் பந்து வளையத்தின் முன்விளிம்பில் தட்டித் திரும்புகிறது.

உணவுப் பக்கத்தை விரைந்து கடந்துவிடலாம். விடுதியில் சாப்பிடும் பையனுக்குச் சால்மன் மீனையும் கினோவாவையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். பட்டியலில் நடைமுறைக்கு ஒத்துவந்தது வெண்ணெய்ப் பழம் ஒன்றுதான். அது ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலேயே விளைகிறது, சாலையோரத்தில் கூடையில் வைத்து விற்கிறார்கள். இறங்கும் வழியில் நான்கு வாங்கினோம். இரவு சேலம் வந்ததும் அவன் தட்டுவடை செட் இரண்டு தட்டு சாப்பிட்டதை அறிக்கை எழுதியவர்களுக்கு நான் தெரிவிக்கவில்லை.

அடுத்தது, அவர்கள் கூடுதலாக விற்க முயன்ற சேவை. அறிக்கை வந்த மறுவாரம் தொலைபேசியில் அழைத்து, 40,000 ரூபாய் கட்டினால் பையனின் பெயரை டிராஃப்டுக்குப் பதிவு செய்துதருவதாகச் சொன்னார்கள். இந்த இடத்தில் பெற்றோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே வசித்து, வெளியே ஆடி, அங்கே பள்ளியோ கல்லூரியோ படிக்காத ஒருவர், தமக்கு 22 வயது நிறையும் ஆண்டின் டிராஃப்டுக்குத் தாமாகவே தகுதி பெறுகிறார்; அதற்கு யாரும் எதையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எங்கள் பையன் 2005-இல் பிறந்தவன், எனவே 2027-இல் அவன் தகுதி பெறுவான். அவனோடு அதே ஆண்டில் பிறந்து காந்தி மைதானத்தில் மாலையில் பந்தாடும் மற்றப் பையன்களும் அதே விதியின்படி பெறுவார்கள். தகுதி வேறு, தேர்வு வேறு. அதற்கு முன்பே, 19 வயதிலிருந்து, வர விரும்புபவர் மட்டுமே டிராஃப்டுக்குக் குறைந்தது 60 நாட்களுக்கு முன் லீகுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பிறகு மனம் மாறினால் டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்புவரை விலகிக்கொள்ளலாம். இதை நான் தொலைபேசியில் சொன்னதும், எதிர்முனையில் இருந்தவர், "சார், நாங்க மேல கேட்டுட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார். வீரர்கள் சங்கத்தின் சான்று பெற்ற முகவர் உங்களிடம் இருக்கிறாரா என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அறிக்கையின் பதினாறாம் பக்கம், பட்டம் முடித்ததும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆடிவிட்டு டிராஃப்டுக்கு வரலாம் என்கிறது. அக்கா வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தைத்தான் மடித்து வைத்திருந்தார். அங்கே முதல்நிலைக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி, ஒருவர் உலகின் எந்தக் கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்தாலும் அன்றிலிருந்து ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அந்த ஐந்துக்குள்தான் நான்கு பருவங்களையும் ஆடி முடிக்க வேண்டும். எங்கள் பையனின் கடிகாரம் 2023-இல் சேலத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது. பட்டம் முடிக்கும்போது மிச்சமிருப்பது இரண்டு ஆண்டுகள். இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் சொன்னால் பயன் உண்டு. மூன்றாம் ஆண்டு மாணவனிடம் நான்கு ஆண்டுகள் என்று எழுதிக்கொடுப்பது, போய்விட்ட ரயிலுக்குச் சீட்டு விற்பது.

கடைசிப் பக்கத்தில் சம்பளம். முதல் சுற்றில் தேர்வாகிறவருக்கு இரண்டு பருவங்களின் சம்பளம் உறுதி, அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. முதல் சுற்றின் தொகைகளை மட்டும் ரூபாயில் மாற்றிக் கோடிக் கணக்கில் அச்சிட்டிருக்கிறார்கள். 2016-இல் யாராலும் தேர்வு செய்யப்படாத, ஆறடியை ஒட்டிய உயரம் கொண்ட ஃபிரெட் வான்வ்லீட் மூன்றே ஆண்டுகளில் டொராண்டோ அணியோடு சாம்பியன் ஆனார் என்பதைப் போட்டிருந்தால், டிராஃப்டைத் தாண்டியும் வழி உண்டு என்பதும், குட்டையானவன் எதைக் கற்றால் அங்கே நிற்க முடியும் என்பதும் ஒரே வரியில் விளங்கியிருக்கும். இந்தியாவிலிருந்து அந்தப் பக்க வழியில் போனவர்களும் உண்டு: பல்பிரீத் சிங் பிரார் 2016-இலும் அம்ஜோத் சிங் 2017-இலும் என்.பி.ஏ.வின் இரண்டாம் நிலை லீகின் டிராஃப்டில் தேர்வானார்கள். இருவரும் ஆறடி எட்டு அங்குலத்துக்குக் குறையாதவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு எழுதியவர்கள், ஒரு தமிழ்நாட்டுக் கல்லூரி வீரனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள்: உள்நாட்டு வாய்ப்புகள், மிதமானவை. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுங்கத்துறை, வருமானவரித் துறை என்று வேலையும் ஆட்டமும் சேர்த்துத் தரும் அணிகள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சென்னை ஹீட் போன்ற அணிகள் ஆடும் ஐ.என்.பி.எல். என்ற இந்தியக் கூடைப்பந்து லீக் 2022-இல் தொடங்கியிருக்கிறது. பெரியகுளத்திலும் கோயம்புத்தூரிலும் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளில் அந்தத் துறை அணிகளின் பயிற்சியாளர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஆறடி நான்கு அங்குலமும் 201 சென்டிமீட்டர் கை விரிவும் கொண்ட, இரு கையாலும் பந்தைத் தட்டத் தெரிந்த ஒரு கார்டை அவர்களில் எவரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். இதற்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் நான் எண் சொல்லமாட்டேன். ஆனால் 14,500 ரூபாய் வாங்கியவர்கள் இந்த ஒரு வரியைப் பத்துப் பக்கமாக விரித்து, தேர்வு எப்போது, எந்தச் சான்றிதழ் செல்லும், எந்தப் போட்டியில் ஆடினால் அது கணக்கில் சேரும் என்று எழுதியிருந்தால், நான் இன்னொரு பையனையும் அழைத்துக்கொண்டு மலை ஏறியிருப்பேன்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: அளவீட்டுக்கு ஐந்துக்கு நான்கரை, பயிற்சியாளருக்கு ஐந்துக்கு ஐந்து, காணொளிக்கு இரண்டு, அறிக்கைக்கு ஒன்று, அதுவும் அளவுகள் அதில் அச்சாகியிருப்பதற்காக. பதிவுச் சேவைக்கு மதிப்பெண் இல்லை.

பையன் இப்போது காலை ஐந்தரைக்கு ஆடுகளத்துக்குப் போகிறான். வலக்கையை இடுப்பில் செருகிக்கொண்டு இடக்கையால் மட்டும் தட்டுகிறான். போன வாரம், மறிக்கும் என்னைக் கடந்து பத்துக்கு நான்கு முறை போனான், எனக்கு முழங்கால் சரியில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவீடும் அந்தப் பயிற்சியாளரின் ஒரு மணி நேரமும் மட்டும், அறிக்கை இல்லாமல், தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அப்படி ஒரு திட்டம் தங்களிடம் இல்லை, ஆனால் டிராஃப்ட் வாய்ப்பை மறுமதிப்பீடு செய்ய 6,000 ரூபாய்தான் என்று பதில் வந்தது.